பனைமரத்துக்கு வந்த விளக்கு

என் மனைவி சர்க்கரைக்காக நடக்கிறவள். வேலை முடிந்து வந்து, இருட்டிய பிறகுதான் சிட்லபாக்கம் ஏரிக்கரைக்குப் போக முடியும். போன வருடம் ஒரு நாள் அங்கே பனைமரத்துக்குப் பக்கத்தில் வேர் தடுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. விளக்கு கேட்டு அன்றைக்கே மனு எழுதினேன். சரியாக அந்தப் பனைமரத்தடியில் ஒரு கம்பம் வேண்டும் என்று அடிக்கோடு வேறு போட்டேன். நடைப்பயிற்சிக் குழுவின் செயலாளர் ஊரெல்லாம் கையெழுத்து வாங்கினார். கிறிஸ்துமஸுக்கு முன்பே விளக்கு வந்துவிட்டது. தேவாலய வாசலில் நாலு பேர் என் கையைக் குலுக்கினார்கள். நானும் வெட்கமில்லாமல் குலுக்கினேன்.

நான் விலங்கியல் வாத்தியார். அந்தப் பனையில் வருடா வருடம் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டும். பாடத்தில் இல்லாவிட்டாலும் அவற்றைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விடமாட்டேன். பகல் நீண்டால் வெளிச்சம் மண்டையோட்டைத் தாண்டி மூளைக்கே போகும், மூளை ஹார்மோனை அவிழ்த்துவிடும், கடுகளவு இருந்த விந்தகம் பயறளவு ஆகும், ஆணின் தலை மஞ்சளாகும், பிறகு மழை வந்தால் கூடு. இவ்வளவும் வாய் கிழியப் பேசுகிற ஆள்தான் அதன் தலைக்கு மேல் விளக்குக் கேட்டது. மனு எழுதும்போது குருவி என் நினைவுக்கே வரவில்லை. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதுதான்.

தை மாதமே ஆண் குருவிகள் மஞ்சளாகிவிட்டன. முதலில் எனக்குச் சந்தோஷம்; வகுப்பில் படம்கூடக் காட்டினேன். மாசியில் கூடுகள் தொங்கின. பெட்டைகளும் வந்து பார்த்துப் பிடித்துப்போய் முட்டையிட்டன. குஞ்சு பொரித்தபோது கரைப் புல் காய்ந்து கிடந்தது. குஞ்சுக்கு ஊட்ட வெட்டுக்கிளி எங்கே இருக்கும்? தாய்கள் வெறும் வாயோடு திரும்பி வந்தன. பனையடியில் இறகு முளைக்காத குஞ்சுகளைக் காலையில் குனிந்து குனிந்து பொறுக்கிப் புதைத்தேன்.

செயலாளரிடம் போய் அந்த ஒரு விளக்கை மட்டும் அணைக்க முடியுமா, ஒரு மறைப்பாவது போட முடியுமா என்று கேட்டேன். அவர் பொறுமையாகத்தான் கேட்டார்.

“சார், நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க? இப்ப லேடீஸெல்லாம் தைரியமா வராங்க. குருவிக்காக ஆஃப் பண்ணுங்கன்னு நான் யார்கிட்ட போய்ச் சொல்றது?”

அவர் சொன்னதில் தப்பு இல்லை.

ஆடியில் நல்ல மழை பெய்தது. நீர் ஏறியது, புல் இடுப்பளவு வளர்ந்தது, பூச்சி மொய்த்தது. இனி எல்லாம் சரியாகிவிடும் என்று குடை பிடித்துக்கொண்டு தினமும் போய் நின்றேன். மஞ்சள் போன ஆண் குருவிகள் தவிட்டு நிறத்திலேயே இருந்தன, ஒரு நார்கூடக் கிழிக்கவில்லை. ஒரு தடவை வெளிச்சம் முடுக்கிவிட்ட உடம்பு, பிறகு இனப்பெருக்கத்துக்குத் தானே மூடிக்கொள்ளும். நீண்ட இரவுகள் சில மாதம் வந்தால்தான் மறுபடி திறக்கும். அந்தப் பனைக்கு இனி நீண்ட இரவு கிடையாது. இதையும் நான் பாடம் நடத்தியிருக்கிறேன். புல்லில் மேய்ந்த குருவிகளைப் பார்த்துக்கொண்டு நின்றபோது அழுகை வந்தது, குடைக்குள் யாருக்கும் தெரியவில்லை.

போன வாரம் மனைவி சாப்பிடும்போது சொன்னாள், எதிர்க்கரை இன்னும் கும்மிருட்டாக இருக்கிறதாம், பெண்கள் பாதியிலேயே திரும்பி வருகிறார்களாம். குருவிகள் இப்போது அடைவது அந்த எதிர்க்கரைக் கோரைப்புல்லில்தான். அது அவளுக்கும் தெரியும்.

“எனக்குத் தெரியாம இல்லங்க. ஆனா இன்னொரு தடவ விழுந்தா என்னால தாங்க முடியாது” என்றாள்.

முறிந்த கையை இன்னும் அவளால் முழுதாக மடக்க முடிவதில்லை. அந்தக் கையால்தான் எனக்குக் குழம்பு ஊற்றினாள்.

எதிர்க்கரைக்கும் விளக்கு கேட்டு எழுதிக் கொடுத்தேன். செயலாளர் நின்றபடியே படித்து முடித்து, போன மனுவைவிட இது நன்றாக வந்திருக்கிறது என்றார்.