கத்தரிக்கோல் மேல் போட்ட பழி

ஸ்டூடியோக்காரியின் கைகள் பெரும்பாலும் படம் வெட்டும் பலகையில்தான் இருக்கும். இடது கை படத்தை அளவுக்கோட்டில் அழுத்தும். வலது கை நீளக் கத்தியை மேலிருந்து இறக்கும். பாஸ்போர்ட் அளவில் எட்டுப் படம், எட்டும் ஒரே அளவாக விழும். கத்தரிக்கோலை அவள் தொடமாட்டாள். கடையில் ஒன்றுகூடக் கிடையாது. ஒன்றரை வயதில், தையல்காரியான அம்மாவின் கத்தரிக்கோல் கைதவறி விழுந்து அவளுடைய வலது கண் போய்விட்டது. இப்போது இருப்பது செயற்கைக் கண். அவளிடம் சொல்லப்பட்டது அதுதான், என்னிடமும் அதுதான்.

அந்த அம்மா இடுப்பெலும்பு முறிந்து கடைக்குப் பின்னறையில் படுத்திருந்தாள். அவளைப் பார்த்துக்கொள்ளத்தான் நான் போயிருந்தேன். அதற்கு முன் இருபத்திரண்டு வருடம் கண் ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸ் வேலை.

ஸ்டூடியோக்காரிக்கு முப்பத்தொரு வயது. படத்தில் கண் சிவந்திருந்தால் கறுப்பாக்குவாள், மூடியிருந்தால் திறந்துவைப்பாள்.

"ஒத்தக் கண்ணை வச்சுக்கிட்டு ஊரார் கண்ணையெல்லாம் சரிபண்றேன், சிஸ்டரம்மா. மாப்பிள்ளை வீட்டுக்குப் போற படத்துல பொண்ணு கண்ணை நான் திறந்துவச்சுக் குடுத்துடுவேன். அப்புறம் முழிச்சுக்கறது அவங்க பாடு" என்பாள்.

ஒரு நாள் மத்தியானம் பெட்பேனைக் கழுவ எடுத்துக்கொண்டு கடை வழியாகப் போனேன். கம்ப்யூட்டர் திரையில் அவளுடைய ஏழு மாதப் பெண் குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது. ஒரு கண்ணின் கருமணி ஃப்ளாஷில் சிவப்பாக இருந்தது. இன்னொன்று இருட்டில் பூனைக்கண் மாதிரி வெள்ளையாக இருந்தது. நான் பார்க்கும்போதே இரண்டையும் கறுப்பால் தொட்டு அழித்தாள்.

"நிறுத்து. அழிச்சதைத் திரும்பக் கொண்டுவா."

"ஃப்ளாஷ் எதிரடிச்சிருக்கு. இதெல்லாம் சகஜம் சிஸ்டரம்மா."

"இதுக்கு முன்னாடி இப்படி வந்திருக்கா?"

"மூணாம் மாசப் படத்துலயும் இருந்துச்சு. துடைச்சுட்டேன்."

துடைக்காத பழைய படத்தைத் தேடி எடுத்தாள். அதே இடது கண். அதே வெள்ளை, கொஞ்சம் சின்னது. வார்டில் இந்த வெள்ளையோடு வந்த குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன், சிலருக்கு அது பெற்றவர்களிடமிருந்து வந்தது.

நான் நேராகப் பின்னறைக்குப் போனேன். "கத்தரிக்கோல் எங்க குத்துச்சு? உங்க பொண்ணு இமையில ஒரு கீறல் தழும்புகூட இல்லையே?" ஒரு மாதமாக அந்த இமையைப் பார்த்தும் இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டது என் தப்பு.

"மெதுவா பேசுங்க. மாப்பிள்ளை வந்துடப்போறார்" என்றாள் அம்மா.

மகள் குழந்தையோடு வாசல்படியில் வந்து நின்றதை அவள் பார்க்கவில்லை.

"கண்ணுக்குள்ள கட்டின்னாங்க. எடுக்கலேன்னா மூளைக்கு ஏறிடும்னாங்க. எடுத்தோம். இவளுக்குக் குழந்தை பிறந்தா, பிறந்த வாரமே தூக்கிட்டு வாங்கன்னும் சொல்லி அனுப்பினாங்க."

"ஏம்மா சொல்லல?" மகளின் குரல் கேட்டு அம்மா திரும்பினாள்.

"கேன்சர்னு தெரிஞ்சா எவன்டி கட்டுவான்? பழி என் கை மேலயே இருக்கட்டும்னு விட்டேன். உனக்குத் திரும்ப வரலியே. அதோட போச்சுன்னு நினைச்சேன்."

"என் கண்ணைப் பத்திப் பொய் சொன்ன, சரி. இவ கண்ணையும் சேத்துல்ல மறைச்சுட்ட!"

அம்மா அழுதாள். அழுதால் இடுப்பு வலிக்கும். தலையணையைச் சரிசெய்துவிட்டு வெளியே வந்தேன்.

சாயங்காலம் கணவன் வந்தான். வெல்டிங் பட்டறைக்காரன். எல்லாம் கேட்டபின் மனைவி மேல் பாய்ந்தான். "தலைபாடா அடிச்சுக்கிட்டேன், குழந்தை மூஞ்சில அந்த லைட்டை அடிக்காதேன்னு!" பிறகு தன் கைகளையே பார்த்தான். "இல்ல... என் வெல்டிங்காலயா?"

"ரெண்டும் இல்ல. ஃப்ளாஷ் நோயைக் காட்டிக் குடுத்துச்சு, அவ்வளவுதான். வெல்டிங் வெளிச்சம் உன் கண்ணுக்குத்தான் ஆபத்து. வருஷக்கணக்கா முகமூடி இல்லாம செய்யறவங்களுக்குப் பின்னாடி கண்ணுல கேன்சர் வர வாய்ப்பு அதிகம். நீ முகமூடி போடு. ஆனா அது வேற, இது வேற."

பெரியவர்களின் கண் புற்றுக்கு வெளிர்ந்த தோல், வெளிர்நிறக் கண், வயது என்று சில காரணங்கள் சொல்வார்கள். குழந்தையின் விழித்திரையில் வரும் கட்டிக்கு அவையெல்லாம் பொருந்தாது. ஒரு மரபணு பழுதாவதால் அது வருகிறது. பெரும்பாலான குழந்தைகளுக்குத் தானாகவே பழுதாகிறது. யார் மேலும் தப்பில்லை. சிலருக்கு அந்தப் பழுது பிறவியிலேயே உடம்பு முழுக்க இருக்கும். ஒரு கண்ணில் மட்டும் வந்தவர்களிலும் சிலர் அப்படி இருப்பார்கள். அவர்கள் பெறும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது இறங்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அதனால்தான் வெள்ளை தெரியும்வரை காத்திருக்காமல் பிறந்தவுடனே பார்க்கச் சொல்கிறார்கள். வெள்ளை தெரிந்தால் கட்டி ஏற்கெனவே வளர்ந்திருக்கும். இந்தக் கடைசி விஷயத்தை மட்டும் அன்று நான் அவர்களிடம் சொல்லவில்லை.

"ரெண்டு நாள் கழிச்சுப் போலாமா? நாளைக்கு ஒரு கேட் மாட்டணும்" என்றான்.

"கேட் எங்கயும் ஓடிப்போகாது. கட்டி நிக்காது."

மறுநாள் காலையில் ஸ்டூடியோக்காரி கடையைத் திறந்து இரண்டு படங்களையும் துடைக்காமலே அச்செடுத்தாள். வெட்டும் பலகை பக்கத்திலேயே இருந்தது. அவளோ பின்னறைக்குப் போய், அம்மாவின் பழைய தையல் பெட்டியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்துவந்தாள். பழக்கமில்லாத கை, ஓரம் கோணலாக வந்தது. அப்படியே கவரில் போட்டுக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் குழந்தைக்குச் சொட்டு மருந்து விட்டு, டாக்டர் நெடுநேரம் பார்த்தார். கோணல் படங்களையும் பார்த்தார். இடது கண் நிறையக் கட்டி, எடுத்தாக வேண்டும். வலது கண்ணை மயக்கம் கொடுத்துத்தான் முழுசாகப் பார்க்க முடியும் என்றார். நாலு மாதம் முன்னால் வந்திருந்தால் என்று கணவன் ஆரம்பித்தான். டாக்டர் சீட்டு எழுத ஆரம்பித்தார்.

"குடும்பத்துல யாருக்காவது இருந்திருக்கா?" படிவத்தோடு நர்ஸ் கேட்டாள்.

கணவன் தரையைப் பார்த்தான்.

"எனக்கு. ஒண்ணரை வயசுல. கட்டி, அதனால எடுத்தாங்க. அப்படியே எழுதிக்குங்க" என்றாள் ஸ்டூடியோக்காரி. நர்ஸ் எழுதி முடிக்கும்வரை எழுத்து எழுத்தாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு, அடியில் கையெழுத்துப் போட்டாள்.