மூர்த்தி மாமாவின் போனில் ஒரு ஓடிபி

போன வாரம் ஆறே ஆறு எண்களுக்காகக் காளிகாட்டிலிருந்து ஊரின் மறுகோடியில் இருக்கும் நியூ டவுன் வரை கேப் பிடித்துப் போனேன். நீங்கள் சிரிப்பீர்கள். எனக்கு அன்று அழுகைதான் வந்தது.

காளிகாட்டில் சில தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து ஒரு சின்ன டிரஸ்ட் நடத்துகிறோம். சனிக்கிழமைதோறும் இலவசக் கண் கிளினிக். பொங்கலுக்குப் பிறகு நான்தான் செகரட்டரி — கமிட்டி கூட்டத்துக்கு லேட்டாகப் போனதற்குக் கிடைத்த தண்டனை.

"லாபமே பார்க்காத நமக்கு எதுக்கு இன்கம் டாக்ஸ் ரிட்டர்ன்?" என்று ஆடிட்டர் தபஸ்தாவிடம் கேட்டேன். தலையில் அடித்துக்கொண்டார். லாபம் பார்க்கவில்லை என்பதையும் வருஷா வருஷம் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். தேதி தப்பினால் வரிவிலக்கு போச்சு. வரி கட்டிய பிறகு சொட்டு மருந்து வாங்கக்கூடக் கையில் எதுவும் மிஞ்சாது.

"ஆஜ்கேயி சேஷ் தின், திதி!" அன்று காலை போனில் வங்காள மொழியில் அலறினார். திதி என்றால் அக்கா; அன்றுதான் கடைசி நாளாம். எல்லாம் ரெடி, ஓடிபி மட்டும் பாக்கி.

"வரட்டுமே…"

"வந்தாச்சு. உங்க பழைய செகரட்டரி போனுக்கு!"

போச்சுடா! பழைய செகரட்டரி என்றால் மூர்த்தி மாமா. ரிட்டயர்டு பாங்க் ஆபீசர். கிளினிக்கை ஆரம்பித்தவரே அவர்தான். பொங்கல் விழாவுக்கு வந்த, எங்கள் தெருவில் துர்கா பூஜை நடத்தும் கிளப்காரர்களுக்கு, ஹாலுக்குள்ளேயே வடை மாதிரிப் பொரித்த மீன் சாப் வாங்கிக் கொடுத்துவிட்டார். சுத்த சைவ ஹால்! சர்க்கரைப் பொங்கலுக்குப் பக்கத்தில் மீன்! மாமாவும் ஒன்றை உள்ளே தள்ளியதாக வதந்தி வேறு. கமிட்டி குதித்தது, மாமா ராஜினாமாவை வீசிவிட்டுப் போனார். ஆளை மாற்றிய நாங்கள், வரித்துறை வெப்சைட்டில் அவர் நம்பரை மாற்ற மறந்துவிட்டோம்.

போன் செய்தேன். கட் பண்ணினார். அதனால்தான் நியூ டவுனில் அவர் வீட்டுக்கே கேப்.

"ஓடிபிதானே? உட்காரு" என்றார் மாமா. காளிகாட்டில் தபஸ்தா பட்டனைத் தட்ட, மாமாவின் போன் 'டிங்' என்றது. பதினைந்து நிமிஷம்தான் அதற்கு ஆயுள்.

"நாலு… வந்த விருந்தாளிக்குப் பிடிச்சதை வாங்கிக் கொடுத்தது தப்பா?"

"தப்பே இல்லை மாமா. அடுத்தது?"

"ஏழு… பதினோரு வருஷம் செகரட்டரி! ஒரு சால்வை போட்டேளா?"

நாலாவது எண்ணில், பத்து வருஷத்துக்கு முன்பு காணாமல் போன ஒரு மடக்கு நாற்காலி விவகாரம் வந்தது. ஐந்தாவது வருவதற்குள் ஓடிபி காலாவதி. மறுபடி ஒன்று வரவழைத்தோம். அதுவும் நாற்காலியிலேயே போயிற்று. ஸ்பீக்கர் போனில் தபஸ்தா காளி அம்மாவைக் கூப்பிட ஆரம்பித்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "மாமா, எங்க மேல கோபம், சரி. கண் தெரியலைன்னு வர்றவங்க என்ன பண்ணினாங்க? சனிக்கிழமை பூட்டைப் பார்த்துட்டுத் திரும்பிப் போகட்டுமா?"

மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனைக் கையில் எடுத்தார். மூன்றாவது 'டிங்'. ஆறு எண்களையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

"ஹோயே கேச்சே!" என்று தபஸ்தா கூவினார். ரிட்டர்ன் போய்ச் சேர்ந்துவிட்டது. "முதல்ல அந்த நம்பரை மாத்துங்க, திதி!"

மாமாவின் முகம் வாடிவிட்டது. "மாத்திடப் போறியாம்மா?" என்றார், போனைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்தபடி. அப்போதுதான் எனக்கு உறைத்தது — ராஜினாமாவுக்குப் பிறகு எங்களில் ஒருவர்கூட அந்த நம்பருக்கு ஒரு போன் செய்ததில்லை. வெட்கமாக இருந்தது.

நம்பரை மாற்றவில்லை. அடுத்த வருஷ ஓடிபிக்கு, கரியாஹாட் கடைத்தெருவில் சூடாக மீன் சாப் வாங்கிக்கொண்டு போகப்போகிறேன்… அந்த வதந்திக்கும் ஒரு முடிவு தெரிந்துவிடும்!