நிற்காத செயின் நின்ற நாள்

எங்கள் பிளாக்செயின் சண்டை டிபன் டப்பா கழுவுவதில்தான் முடியும். திருவனந்தபுரத்துக் கழக்கூட்டத்தில் எங்களுடையது சின்ன மென்பொருள் அலுவலகம். எனக்கு ஒரு பிளாக்செயின் உயிர் என்றால் பக்கத்து நாற்காலிக்காரிக்கு வேறொன்று. நான் ஆரியசாலை வியாபாரக் குடும்பத்துப் பெண்; அவள் பாறசாலைப் பக்கத்துத் தமிழ்ப் பெண். வாரம் முழுக்க எது வேகமாகப் பதிவு ஏற்றுகிறது என்று பார்ப்போம். தோற்றவள் வெள்ளிக்கிழமை இரண்டு டப்பாவையும் கழுவ வேண்டும்.

"உலகத்துக்கு ஒரு நல்ல செயின் போதாதாடி?" என்பேன். அந்த ஒன்று என்னுடையதுதான் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா என்ன?

"போட்டி இல்லேன்னா உன் செயின் ஒறங்கிப் போவும், கேட்டோ" என்பாள் அவள்.

அப்போதுதான் வித்துரா மிளகு விவசாயிகள் சங்கத்தின் வேலை வந்தது. ஒவ்வொரு மூட்டையும் யார் தோட்டத்தில் எப்போது பறித்தது என்று பிளாக்செயினில் ஏற்ற வேண்டும். பல ஊர்க் கணினிகளில் அதற்கு நகல் இருப்பதால், பிறகு எந்தத் தரகரும் அதை மாற்ற முடியாது. சங்கம் ஒத்துக்கொண்டால்தான் எங்கள் குழு இருக்கும். இல்லையென்றால் எங்களை ஆளுக்கொரு மூலைக்குப் பிரித்துவிடுவார்கள். அலுவலகத்தில் என் செயினைத் தேர்ந்தெடுத்தார்கள். அவள் விடவில்லை. மூட்டை விவரம் நிரப்பும் படிவத்தோடு வீம்புக்காகத் தன் செயினையும் இணைத்து வைத்தாள். வேலையற்ற வேலை என்று நான் கேலி செய்தேன்.

டெமோ அன்று சங்கக் கூடம் நிறைந்திருந்தது. என் முதல் ஸ்லைடில் 'நிற்காத செயின்' என்று மலையாளத்தில் கொட்டை எழுத்து. அதைப் போட்டதும் நானேதான். மூட்டையைக் கொண்டுவந்து வைத்தார்கள். விவரத்தை நிரப்பி அனுப்பினேன். திரையில் வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. சிக்னலைத் திட்டினேன், லேப்டாப்பைத் திட்டினேன். கடைசியில் பார்த்தால் சற்று முன்புதான் என் செயின் உலகம் முழுக்க நின்றுபோயிருந்தது.

பின்வரிசையிலிருந்து அவள் எழுந்து வந்து காதருகே குனிந்தாள்.

"ஏட்டி, என் செயினில ஏத்தட்டா?"

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வேலை போனாலும் பரவாயில்லை, இவள் ஜெயிக்கக் கூடாது என்றுதான் முதலில் தோன்றியது. மறு நொடியே வெட்கமாகவும் இருந்தது.

"ஏத்துடி" என்றேன்.

இரண்டு மூச்சு விடுவதற்குள் மூட்டை ஏறிவிட்டது. கூடத்தில் கைதட்டல்.

சங்கத் தலைவி எஸ்டேட்டில் பிறந்த தமிழ்க்காரி. கையைத் தூக்கிக் கேட்டார். "அப்போ இந்த மோளோட செயின் மட்டும் போதுமல்லே? எதுக்கு ரெண்டு?"

அவள் 'ஆமாம்' என்று சொல்லியிருக்கலாம். சொல்லாமல் என்னைப் பார்த்தாள். ஒரு வருஷமாக ஒன்று போதும் என்று வாதாடிய நான்தான் வாயைத் திறந்தேன்.

"இவளோடதும் ஒருநா நிக்கும்மா. அன்னைக்கு என்னோடது ஓடும். ரெண்டும் ஒண்ணையொண்ணு தோக்கடிக்கப் பாக்குதே, அதனாலதான் ரெண்டும் நல்லாவுது."

தலைவி சிரித்துவிட்டார். "செரி, ரெண்டுலயும் ஏத்துங்க. ஆனா அந்த எழுத்த மட்டும் மாத்திருங்க."

எங்கள் குழு பிழைத்தது. அந்த வாரம் இரண்டு டப்பாவையும் நான் முணுமுணுக்காமல் கழுவினேன். ஸ்லைடையும் மாற்றினேன்.

மறு மாதம் அவளுடைய செயின் நின்றது. வித்துராவில் யாருக்கும் தெரியவில்லை; மூட்டைகள் என்னுடையதில் ஏறிக்கொண்டே இருந்தன. அந்த வெள்ளிக்கிழமை வேண்டுமென்றே சக்கைப் பிரதமன், அதாவது பலாப்பழப் பாயசம், கொண்டுபோனேன், அடியில் நன்றாகப் பிடிக்கும்படி. அவள் குழாயடியில் நின்று என் டப்பாவைச் சுரண்டிக்கொண்டே, "உன் செயின் நல்லா ஓடுச்சு, கேட்டோ" என்றாள். நான் பக்கத்தில் போய் நின்று அவளுடைய டப்பாவைக் கழுவ ஆரம்பித்தேன்.