அம்மாவைப் பார்க்க வந்த சாத்துக்குடிகள்

நான் நான்காம் வகுப்பு படித்தபோது அம்மா சென்னைக் கம்பெனி வேலையை விட்டாள். விட்ட வாரத்திலிருந்தே, சின்ன காஞ்சிபுரத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு உறவினர்கள் சாத்துக்குடியும் ஆப்பிளுமாக வரத் தொடங்கினார்கள். வந்தவர்கள் செருப்பைச் சத்தமில்லாமல் கழற்றினார்கள். அம்மா காபி போட உள்ளே போனதும் அப்பாவிடம் தணிந்த குரலில், "நல்லாத்தானேப்பா இருந்துது, திடீர்னு என்னா ஆச்சு?" என்றார்கள். எங்கள் சொந்தத்தில் வேலையை விடுவதும் ஒரு வியாதி என்று எனக்குத் தெரியாது. முந்தைய வருஷம் எதிர்வீட்டு மாமா படுத்த படுக்கையானபோதும் இதே சாத்துக்குடிதான், இதே குரல்தான். அவர் பிறகு எழுந்திருக்கவே இல்லை.

அம்மாவோ தினமும் காலையில் பெரியாஸ்பத்திரிக்குக் கிளம்பிப் போனாள். கேட்டால், "கொஞ்சம் வேலை இருக்குதுமா" என்பதோடு சரி. மத்தியானம் வந்து ஒரு நோட்டில் எழுதுவாள். யாராவது வந்தால் அதைத் தலையணைக்கடியில் தள்ளிவிடுவாள். ஒருநாள் அவள் குளிக்கப் போன நேரத்தில் அதைப் பிரித்துப் பார்த்தேன். 'மூன்று மாதமாக நெஞ்சில் வலி. பிள்ளைகளிடம் சொல்லவில்லை. சொன்னால் பயந்துவிடுவார்கள்' என்று அம்மாவின் கையெழுத்தில் இருந்தது. நான் அவளுக்கு ஒரே மகள். 'பிள்ளைகள்' என்று ஏன் எழுதினாள் என்று யோசிக்கிற நிதானமெல்லாம் எனக்கு அப்போது இல்லை.

சனிக்கிழமை பெரியம்மாவோடு வரதராஜப் பெருமாள் கோயிலுக்குப் போனேன். அங்கே மேற்கூரையில் இருக்கும் தங்கப் பல்லியைத் தொட்டால் பீடையெல்லாம் விலகும் என்பார்கள். எக்கித் தொட்டேன். தொட்ட கையை வேறெதிலும் படவிடாமல் கொண்டுபோய் அம்மாவின் நெஞ்சில் வைத்துவிடுவது என் திட்டம். பிரசாதத்தை இடது கையில் வாங்கியதற்குப் பெரியம்மாவிடம் நன்றாகக் குட்டு வாங்கினேன். அம்மாவிடம் உடனே போக வேண்டும் என்று அழுதேன். பெரியம்மாவுக்கும் தங்கையிடம் கேட்க நிறைய இருந்தது.

"வா, உங்கம்மாவை இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன்" என்று ஷேர் ஆட்டோவை நிறுத்தினாள். வழியெல்லாம் வலது கையைத் தூக்கிப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். கையில் அடிபட்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்ட டிரைவர், பள்ளங்களில் மெதுவாக ஓட்டினார்.

ஆஸ்பத்திரியில் சீட்டு கொடுக்கும் ஜன்னலுக்கு எதிரே ஒரு பெஞ்சில் அம்மா உட்கார்ந்து, பக்கத்திலிருந்த பெரியவருக்கு ஏதோ படிவம் நிரப்பிக்கொண்டிருந்தாள். பெரியம்மாவின் பிடியை உதறிவிட்டு ஓடிப்போய் அவள் நெஞ்சில் கையை வைத்து அழுத்தினேன்.

"என்னாடி இது?"

"மூணு மாசமா வலிக்குதுன்னு நோட்ல எழுதியிருக்கியேமா."

அம்மா சிரிப்பை அடக்க முடியாமல், "எனக்கில்லடி, தென்னேரி ஊர்லேருந்து வர்ற இந்தத் தாத்தாவுக்கு. அவரே பேசற மாதிரி கதை எழுதிக்கினு இருக்கேன்" என்றாள்.

"இப்ப பரவால்ல பாப்பா" என்றார் பெரியவர். "எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. உங்கம்மாதான் சீட்டு எழுதி, டாக்டர்கிட்ட இட்டுக்கினு போச்சு."

எனக்கு உடம்பே லேசாகிவிட்டது. அந்த நிம்மதியை அதற்குப் பிறகு எந்தப் பரீட்சை முடிவும் எனக்குத் தந்ததில்லை.

அதற்குள் பெரியம்மா மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். "ஏண்டி, ஏசி ரூம்ல இருந்தவ இங்க வந்து பெஞ்சில உக்காந்துக்கினு இருக்கியே, உனக்கு என்னாதாண்டி ஆச்சு?"

நான் முந்திக்கொண்டு, வராந்தா முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். "அம்மாவுக்கு ஒண்ணுமே ஆவல பெரிம்மா! நல்லா இருக்குது!"

சிரித்துக்கொண்டிருந்த அம்மா சட்டென்று என்னை இழுத்து அணைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். நல்ல செய்தி சொன்னதற்கு ஏன் அழுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை. அவள் வேலையை விட்ட நாளிலிருந்து அவள் நன்றாக இருக்கிறாள் என்று சொன்ன முதல் ஆள் நான்தான் என்பது விளங்கப் பல வருஷங்கள் ஆயின.