வால் முளைத்த காரும் மூன்றாவது சீட்டும்

டிரைவர் வேலை என்றால் உட்கார்ந்தபடி ஊர் சுற்றும் வேலை என்று நினைப்பவர்கள், மார்கழிக் காலையில் எஞ்சினை ஹேண்டில் போட்டு எழுப்பிப் பார்த்ததில்லை. அடுத்தவர் காருக்கு ஸ்டியரிங் பிடித்துப் பிழைக்கும் அன்பர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நம் எல்லோர் வலது மணிக்கட்டிலும் ஒரு கதை இருக்கும். என்னுடையது இரண்டு முறை பிசகியது.

பாகூரில் நெல்லும் கரும்பும் பயிரிடும் ஒரு பெரிய குடும்பத்தில் பதினொரு வருஷம் பெரிய கார் ஓட்டினேன். அது ஓய்ந்துபோனதும் முதலாளி ஐயா பிரான்சிலிருந்து கப்பலில் ஒரு சின்னக் கார் வரவழைத்தார். புதுச்சேரிக்குப் போய் அதைப் பார்த்ததும், "இது காரா, பொம்மையா?" என்று முணுமுணுத்தேன். அந்தப் பேச்சை வாபஸ் வாங்கத்தான் இதை எழுதுகிறேன்.

கட்டுமரம்

முன்னால் பார்த்தால் கார், பின்னால் பார்த்தால் படகு. முன்பக்கம் இரண்டு சீட்டு. அவற்றுக்கு நடுவே ஒரு ஆள் நுழையும் சந்து. அதற்குப் பின்னால் வால்போலக் குறுகிப்போகும் இடத்தில் மூன்றாவதாக ஒரே ஒரு சீட்டு. செய்தவன் எதற்கு இப்படிக் கூராக்கினான் என்று முதலில் புரியவில்லை. அரியாங்குப்பம் தாண்டி ஓட்டும்போதுதான் தெரிந்தது, பெரிய காரில் நம் முதுகுக்குப் பின்னால் எழும்பி வந்து கழுத்தில் இறங்கும் புழுதி இதில் வரவே இல்லை. அந்த வாலை வரைந்தவன் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்.

தவளக்குப்பத்தில் நிறுத்தினேன். மீன் கூடையோடு வந்த ஒரு அம்மாள், கூடையை இறக்கி வைத்துவிட்டு வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். வாலைத் தட்டிப் பார்த்தார். "ஏம்பா, கட்டுமரத்துக்குச் சக்கரம் மாட்டி ரோட்ல ஓட்டுனா, மீனு இன்னா மரத்துலயா கெடைக்கும்?"

பொத்தான்

இந்தக் காரை எழுப்ப ஹேண்டில் வேண்டாம். காலடியில் ஒரு பொத்தான். அமுக்கினால் எஞ்சின் பேசத் தொடங்கிவிடும். முதல் தடவை அமுக்கியபோது எனக்குக் கண் கலங்கியது, பொய் சொல்லவில்லை. என் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே நாலு தடவை அணைத்து அணைத்து எழுப்பினேன்.

நாங்கள் 'அம்மா' என்று அழைக்கும் ஐயாவின் சம்சாரம் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு வில்லியனூரில் அக்கா வீடு. போக வேண்டுமென்றால் ஐயாவுக்கு ஒழிய வேண்டும், எனக்கு ஒழிய வேண்டும். "தள்ளு, கோயிந்தா" என்று சொல்லி ஏறி உட்கார்ந்தவர், காலால் ஒரு அமுக்கு அமுக்கினார். எஞ்சின் எனக்குக் காட்டிய அதே மரியாதையை அவருக்கும் காட்டியது. என் சந்தோஷம் அங்கேயே பொசுக்கென்று அணைந்தது.

"இவ்ளோதானா கோயிந்தா? அப்போ இதுக்கு ஆளு எதுக்கு?"

ஏரிக்கரை

பாகூர் ஏரிக்கரையில் எதிரே மாட்டு வண்டி வந்தால், பெரிய காரைப் பின்னாலேயே கால் மைல் கொண்டுபோக வேண்டும். சின்னக் கார் ஓரமாக ஒதுங்கி நழுவிப்போனது. அதோடு, முன்பு மூன்று தடவை முன்னும் பின்னும் ஆட்டித் திருப்பிய தெருவில் ஒரே வீச்சில் திரும்பியது. வழக்கமாக என்னோடு சண்டை போடும் வண்டிக்காரர் அன்று மாட்டை நிறுத்திவிட்டே பார்த்தார். "உங்க பெரிய வண்டி போட்ட கன்னுக்குட்டியாபா இது? தாய் மாதிரி மொரண்டு புடிக்கல, நல்லா கீது!"

பின்சீட்டு மரியாதை

முதலாளி பின்னால் உட்காருவதும் டிரைவர் முன்னால் உட்காருவதும்தான் உலக வழக்கம். ஆகவே ஐயா சந்து வழியாக நுழைந்து வாலுக்குள் போனார். ஐயா நல்ல கனம். வில்லியனூர் போய்ச் சேர்ந்தபோது அவரால் எழுந்திருக்க முடியவில்லை. நான் ஒரு கையையும், பக்கத்துத் தேங்காய்க் கடைக்காரர் ஒரு கையையும் பிடித்து இழுத்தோம். வெளியே வந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "மரியாத போதும். இனிமே உன் பக்கத்துலயே குந்துறேன்."

யார் டிரைவர்?

பிரெஞ்சுக்காரன் ஸ்டியரிங்கை இடது பக்கம் வைத்திருந்தான். கடலூர் போகும் வழியில் இங்கிலீஷ்காரன் எல்லைச் சாவடி. அங்கிருந்த சிப்பாய், டிரைவர் என்றால் வலது பக்கம் இருப்பான் என்று பழகியவர். நேரே ஐயாவிடம் போய், "யோவ் டிரைவர், எறங்கு! ஒன் மொதலாளி சாமான் இன்னா வச்சிக்கீறாரு?" என்று அதட்டினார். பிறகு என் பக்கம் வந்து ஒரு சலாம் வைத்தார்.

ஐயா பணிவாக இறங்கி, பையைத் திறந்து காட்டிவிட்டு ஏறினார். கொஞ்ச தூரம் போன பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"இன்னா மொதலாளி, வண்டிய வெரசா வுடலாமா?"

மூன்றாவது சீட்டு

காரைத் தானே ஓட்ட ஐயாவுக்கும் ஆசைதான். ஆனால் ஸ்டியரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவே அவர் வயிறு போகவில்லை. அம்மா சுலபமாக நுழைந்தார். நெல் அடிக்கும் களத்தில் எட்டே நாளில் கற்றுக்கொண்டார். கற்றுக்கொடுத்தது நான்தான். என் பிழைப்பில் நானே மண் போட்டுக்கொள்கிறேன் என்று தெரிந்தும் அரைகுறையாகச் சொல்லித்தர மனசு வரவில்லை. அவ்வளவு நல்ல கார், தப்பாக ஓட்டினால் எனக்கே வலிக்கும்.

ஒன்பதாம் நாள் இருவரும் என்னை விட்டுவிட்டு வில்லியனூர் கிளம்பினார்கள். நான் காக்கிச் சட்டையைத் துவைத்து மடித்து, வேறு எங்கே வேலை கேட்பது என்று யோசித்தபடி உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் அம்மா மட்டும் நடந்து வந்தார், புடவையெல்லாம் சேறு. அம்மா கொஞ்சம் வேகமாக விட்டதில், வாலில் கனமில்லாத வண்டி மேட்டில் குதித்து, பின்சக்கரம் இழுத்து, கரும்புக் காட்டில் இறங்கிவிட்டதாம். யாருக்கும் அடியில்லை. ஓடிப்போய் நாலு பேர் சேர்ந்து தூக்கியதில் கார் அலுங்காமல் ரோட்டுக்கு வந்தது. இதையும் அதன் பெருமையில்தான் சேர்க்க வேண்டும். ஐயா வாலைப் பார்த்து, "ஒரு நெல்லு மூட்டய வச்சா சரியாப்பூடும்" என்றார். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"மூட்டைக்குப் பஞ்சர் ஒட்டத் தெரியுமா? கோயிந்தா, நீ பின்னால குந்து."

கும்பிடு

மறுநாள் அம்மா ஓட்ட, ஐயா பக்கத்தில் இருக்க, நான் துவைத்த காக்கியில் வாலுக்குள் உட்கார்ந்து போனேன். கார் துளிகூடக் குதிக்கவில்லை. சோரியாங்குப்பத்தில் வயலிலிருந்து கரையேறிய இரண்டு பேர் துண்டை இடுப்பில் இறக்கிக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்துக் கும்பிட்டார்கள். ஒருவர் மற்றவரிடம் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது: "பின்னால குந்திக்கினு போறாரே, அவருதான் மொதலாளி. பொம்பள டிரைவர் வச்சிக்கீறாரு, பாரு!"

பதினொரு வருஷம் முன்சீட்டில் உட்கார்ந்து ஒரு கும்பிடும் பார்க்காத நான், நெல் மூட்டைக்குப் பதிலாகப் பின்சீட்டில் ஏறிய பிறகுதான் பாகூர் பக்கத்தில் பெரிய மனுஷன் ஆனேன்.