கீச்சானுக்குப் பின்னால் நின்றவர்

குருவியைப் படம் பிடித்தால் பக்கத்து வீட்டுக் கோழி சாகுமா? சிரிக்காதீர்கள். 1931 டிசம்பரில், கடல் கடந்த டத்தோ கிராமாட்டில் ஒரு வரிசை வீடே அப்படி நம்பியது.

ராமதாஸ் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் படம் திருத்துகிறவன். படம் பதிந்த கண்ணாடித் தட்டில் பென்சில் தீட்டி அம்மைத் தழும்பை மறைப்பான். வேண்டாத ஆளைக் கத்தியால் சுரண்டி எடுப்பான். குளிருக்குத் தப்பி வடக்கிலிருந்து வரும் கீச்சான் குருவி ஒன்று அவன் கொல்லை வேலியில் உட்காரும். வேலைக்குப் போகுமுன் கேமராப் பெட்டியின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு அதைப் படமெடுப்பான். அதே வாரங்களில் அடுத்த வீட்டு ஆசியா பீவியின் கோழிகள் ஒவ்வொன்றாகச் சுருண்டு விழுந்தன.

"பெட்டிக்குள்ள உசுரை இழுக்கிறான்லா!" என்று பற்றவைத்தவர், வாடகை வசூலிக்கும் கணக்கர், கிராணி சுப்பையா. "வெள்ளிக்கிழமைக்குள்ள வீட்டைக் காலி பண்ணு."

ராமதாஸுக்குச் சந்தேகம் தட்டியது. போன வாரத் தட்டில் கீச்சானுக்குப் பின்னால், சாக்கடையோரம், வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் டப்பாவோடு குனிந்திருந்தார். குருவியின் அழகைக் கெடுக்கிறாரே என்று சுரண்டி எறிந்தவன் அவனேதான்!

வியாழன் காலை மறுபடி பெட்டியை வைத்தான். கீச்சான் வந்தது. டப்பாவும் வந்தது. இம்முறை கத்தியைத் தொடவில்லை. மாலையில் வரிசை வீட்டாரைக் கூட்டி, தட்டோடும் படத்தோடும் கொல்லையில் நின்றான். படத்தில், வேலிக்குப் பின்னால் டப்பாவிலிருந்து அரிசி தூவிக்கொண்டிருந்தவர் சுப்பையா.

சுப்பையா கடகடவென்று சிரித்தார். "தழும்பை அழிக்கிறவனுக்கு ஆளை வரையத் தெரியாதா? எல்லாம் பென்சில் வேலை!"

கூட்டம் அதற்கும் தலையாட்டியது.

ராமதாஸ் டர்பன்டைனில் நனைத்த துணியை ஆசியா பீவியிடம் நீட்டினான். "பென்சில்னா இதுல போயிரும், அக்கா. நீங்களே தொடைங்க."

முதலில், திருத்தி வைத்திருந்த ஒரு மாப்பிள்ளையின் தட்டு. துடைத்ததும் தழும்பெல்லாம் திரும்பி வந்தது. பாவம், அவனுக்கு மறுபடி தீட்டவேண்டும். அடுத்து கீச்சான் தட்டு. ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம்.

"யா அல்லா! இந்த மனுசன் அசையவே மாட்டேங்கிறாரே! என்ன கிராணியாரே, அரிசியில என்ன கலந்தீங்க?"

"எலி மருந்து... எலிக்குத்தான் வச்சேன். கோழி தின்னும்னு யாரு கண்டா?"

"செத்த பிறகு கண்டீங்கல்ல? அப்பவும் தம்பி தலையிலதானே போட்டீங்க!"

வெள்ளிக்கிழமை வந்தது. ராமதாஸ் வீட்டைக் காலி செய்யவில்லை.

நாளை உங்கள் தெருவிலும் ஒருவன்மேல் இப்படிப் பழி விழும். தலையாட்டுமுன் ஒரு துணியை நனைத்துக்கொண்டு போங்கள், துடைத்துப் பாருங்கள்.