அப்பா நன்னிலம் போயிருக்கிறார்

அமெரிக்காவில் குடியேறப் போன அன்று அப்பா ஊரிலிருந்து ஒரு குடையும் மஞ்சள் பையும் மட்டும் எடுத்துக்கொண்டு டவுன் பஸ் ஏறினார். அவருடைய பெட்டியை அதற்கு முன்பே நான் நன்னிலத்தில் இருக்கும் என் வீட்டுக்குக் கடத்திவிட்டேன். கடத்தல் என்றுதான் சொல்ல வேண்டும். உளுந்து மூட்டை என்று சொல்லி, சாக்குக்குள் வைத்துக் கட்டித்தான் எடுத்துப் போனேன். யார் கேட்டாலும் சொல்ல ஒரே பதில்தான் வைத்திருந்தோம்: அப்பா மகள் வீட்டுக்கு நன்னிலம் போயிருக்கிறார். கோடையில் பேரன் பேத்தியைப் பார்க்கப் போகும் கிழவரை யாரும் சந்தேகப்படமாட்டார்கள் என்பது அப்பாவின் கணக்கு.

இத்தனை நாடகமும் மூன்று மா நிலத்துக்காக. குத்தாலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில், ஒரு ஏக்கர் வயல். அதுவும் எங்களுடையது இல்லை, மடத்து நிலம். எங்கள் ஆட்கள் ஒரு காலத்தில் பண்ணையாட்கள். சங்கம், கொடி, அடிதடி, கேஸ் என்று ஊர் கொதித்த வருஷங்களில் அப்பா இளவட்டம். அடி வாங்கினார், உள்ளே போனார், வெளியே வந்தார். கடைசியில் கையில் மிஞ்சியது இந்தக் குத்தகை ஒன்றுதான். குத்தகைப் பதிவேட்டில் பெயர் ஏறிய அன்று மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுப் பந்தி போட்டார் என்று அம்மா சொல்வாள்.

ஆனால் குத்தகைக்காரனைக் காக்கிற அந்தச் சட்டத்திலேயே ஒரு பிடி இருந்தது. குத்தகைக்காரன் தானோ தன் குடும்பத்தாரோ வயலில் இறங்கிப் பாடுபட வேண்டும். வேறு ஆளிடம் விட்டால் அது உள்குத்தகை. ஊரை விட்டுப் போனால் உரிமையும் போனது. சென்னையில் இந்தக் கட்சி போய் அந்தக் கட்சி வந்துகொண்டே இருந்தது. மடத்துக் காரியஸ்தர் மட்டும் மாறவே இல்லை. எங்கள் வரப்பில் யார் நிற்கிறார்கள் என்று பார்ப்பதே அவருக்குப் பிழைப்பாக இருந்தது. அதனால் அப்பா கல்யாணத்துக்குப் போனால்கூட மறுநாள் காலை வயலில் நின்றுவிடுவார்.

அம்மா இறந்துபோன பிறகு, அமெரிக்காவில் குடியுரிமை வாங்கியிருந்த அண்ணன் அப்பாவுக்கு விண்ணப்பித்தான். அப்பாவுக்குக் குடியேறும் விசா கிடைத்தது. சர்க்கரை வியாதிக்காரரைத் தனியாக விமானம் ஏற்ற முடியாது என்று என்னையும் துணைக்குப் போகச் சொன்னார்கள். எனக்கு டூரிஸ்ட் விசா. "போனால் அங்கேயே இருப்பேன்" என்று அப்பா சொல்ல வேண்டும். "கட்டாயம் திரும்பி வந்துவிடுவேன்" என்று நான் சொல்ல வேண்டும். ஒரே வீட்டில் இரண்டு பேருக்கும் இரண்டு பாடம் சொல்லிக் கொடுத்தது நான்தான், வாத்தியார் வேலை பார்க்கிறவள் ஆயிற்றே.

பாடம் அமெரிக்க விமான நிலையத்திலேயே பாழானது. இனி எங்கே வசிக்கப் போகிறார் என்று கேட்டுச் சொல்லும்படி அதிகாரி என்னிடம் சொன்னார். கேட்டேன். அப்பா வேட்டியைச் சரிசெய்துகொண்டு, நிமிர்ந்து, கோர்ட்டில் சொல்வதுபோல் உரக்கச் சொன்னார்:

"நான் எங்கயும் குடி போகலைங்க. ஊர்லதான் இருக்கேன். நானே நேர்ல நின்னு சாகுபடி பண்றேங்க. மகனப் பாக்க வந்தேன், நடவுக்குப் போயிருவேன்."

"மகனோடு இருக்கப் போகிறாராம்" என்று மொழிபெயர்த்தேன். அதிகாரி சிரித்து முத்திரை குத்தினார். எனக்கும் குத்திக் கொடுத்து, நன்றாகச் சுற்றிப் பாருங்கள் என்றார்.

"ஏம்ப்பா, அவன் என்ன நம்மூரு தாசில்தாரா?" என்று வெளியே வந்ததும் எரிந்து விழுந்தேன்.

"எந்த ஊரா இருந்தா என்ன? மேசைக்கு அந்தப் பக்கம் உக்காந்திருக்கறவங்கிட்ட ஒரே பேச்சுதான் பேசணும். மாத்திப் பேசுனா மாட்டிக்குவோம், பாப்பா."

நான் சுற்றிப் பார்த்த அமெரிக்கா அண்ணன் வீட்டுச் சமையலறையும் மருந்துக் கடையும்தான். அண்ணனும் அண்ணியும் விடிந்ததும் வேலைக்குப் போய்விடுவார்கள். நான் ஊசி போடுவேன், கஞ்சி வைப்பேன், அப்பாவுடன் ஏதாவது ஒரு அலுவலக வரிசையில் நிற்பேன். அண்ணனின் நண்பர்கள் வந்தால் தவறாமல் என்னை நயாகரா பார்த்தாச்சா என்று கேட்பார்கள். அருவி எங்கே வந்தது, குழாயடியில்தானே நின்றுகொண்டிருந்தேன்! அப்பாவுக்கு வாங்கிய புது உடுப்பெல்லாம் பிரிக்காமலே கிடந்தது. "போற ஆளுக்கு எதுக்கு?" என்பார். காலண்டரில் ஆடி மாதத்தைத் தேடுவார். அந்த ஊர் காலண்டரில் ஆடி ஏது?

அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. "சொந்த நெலம்கூட இல்ல. மடத்துக்காரனுக்கு அளக்கறதுக்கு எதுக்குப்பா இந்தப் பாடு?" என்று தினமும் ஒரு முறையாவது கேட்பான். அப்பா எழுந்து போய்க் காலண்டரைப் புரட்டுவார். எனக்கு இரண்டு பேர் மீதும் எரிச்சல். அண்ணன் சொல்வதில் நியாயம் இருந்தது, அதுதான் கூடுதல் எரிச்சல்.

ஒரு நாள் ஊரிலிருந்து ஃபோன் வந்தது. அப்பாவுக்குப் பதிலாக வயலைப் பார்த்துக்கொண்டிருந்த என் சித்தப்பா மகன்தான் பேசினான்.

"அக்கா, காரியம் கெட்டுப்போச்சு. ஞாயித்துக்கெழம பூசையில சாமியார் மைக்குலயே படிச்சுட்டாரு. 'அமெரிக்காவில் குடியேறிய நம் பங்கு மூத்தவருக்காக, அவர் மகன் ஒப்புக்கொடுக்கும் நன்றித் திருப்பலி'ன்னு. கோயில் உச்சியில கட்டியிருக்கற கொழாயில ஊரு பூரா கேட்டுது. காரியஸ்தர் எதுத்த டீக்கடையிலதான் இருந்தாரு."

அப்பா நல்லபடியாக வந்து சேர்ந்ததற்கு நன்றி என்று அண்ணன்தான் பங்குச் சாமியாருக்குப் பூசைக்கு எழுதியிருக்கிறான். சாமியார் புதுசு, பாவம், வந்ததைப் படித்துவிட்டார். குத்தகைக்காரர் நாட்டை விட்டே போய்விட்டார் என்று மடம் வருவாய் நீதிமன்றத்தில் மனுப் போட்டுவிட்டது.

"சாமிக்கு நன்றி சொல்றதக்கூடவா ஒளிச்சு வைக்கணும்?" என்று அண்ணன் கேட்டான். "வச்சிருக்கலாம்ல?" என்று நான் கத்தினேன். அண்ணி எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும் போலிருக்கிறது.

அப்பா உடனே ஊருக்குக் கிளம்ப வேண்டும் என்றார். கிரீன் கார்டு கைக்கு வராமல் நாட்டை விட்டு வெளியே போனால் சிக்கல் என்று அண்ணன் விடவில்லை. எனக்கோ லீவு முடிந்து சம்பளமில்லா லீவும் ஓடிக்கொண்டிருந்தது, நான் திரும்பியே ஆக வேண்டும். கிளம்பும்போது அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ போயி வயல்ல எறங்கி நில்லு, பாப்பா. நீயும் நம்ம குடும்பம்தான. காரியஸ்தன் பாக்கணும்."

என்னை வயலுக்குள்ளேயே விடாதவர் இவர். சேற்றில் கால் வைத்தால் கால் ஒடிந்துவிடும், போய்ப் படி என்று விரட்டி விரட்டிப் படிக்க வைத்தவர். எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நடவன்று விடுப்புப் போட்டுவிட்டு ஊருக்குப் போனேன். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். நடவுப் பெண்கள் இடம் விட்டார்கள். நான் நட்ட நாற்று மிதந்தது. பக்கத்தில் நின்ற பெண், "டீச்சரம்மா, நீங்க சும்மா நில்லுங்க, நாங்க பாத்துக்கறோம்" என்று நான் நட்டதையெல்லாம் பிடுங்கி மறுபடி ஊன்றினாள். அந்த நேரம் பார்த்துக் காரியஸ்தர் வரப்பில் வந்து நின்றார். நன்றாகத்தான் பார்த்தார்.

"என்னங்க டீச்சர், சுத்திப் பாக்க வந்தீங்களா?" என்று கேட்டார்.

கிண்டலாகக்கூடக் கேட்கவில்லை, மரியாதையாகத்தான் கேட்டார். வாயில் வந்ததைக் கேட்டிருப்பேன், ஆனால் ஒரு காலைச் சேற்றிலிருந்து உருவ முடியாமல் நின்றுகொண்டிருந்தேன்.

விசாரணையில் என்னையும் கூப்பிட்டார்கள். அரசுப் பள்ளி ஆசிரியைக்கு எந்த நாளில் வயல் வேலை என்று மடத்து வக்கீல் கேட்டார். என் வருகைப் பதிவேடே எனக்கு எதிராக இருக்கும்போது நான் என்ன சொல்ல? அப்பா எங்கே என்று அடுத்த கேள்வி. இத்தனை மாதம் சொல்லிச் சொல்லி நாக்கில் ஒட்டிப்போயிருந்த நன்னிலம் வாய்வரை வந்தது. நன்னிலத்தில்தான் நானே இருக்கிறேன். "அமெரிக்காவுல, அண்ணன் வீட்டுல" என்றேன். அறுப்பு முடிந்த கையோடு தீர்ப்பும் வந்தது. நிலம் மடத்துக்கு.

ஃபோன் பூத்திலிருந்து கூப்பிட்டுச் சொன்னேன். கண்ணாடிக்கு அப்பால் மீட்டரில் காசு ஏறிக்கொண்டிருந்தது, நான் ஃபோனை வைக்கவில்லை.

"அறுத்தாச்சா?" என்றார் அப்பா.

"ஆச்சுப்பா."

"நெல்லு எப்படி?"

"நல்ல வெளைச்சல்."

பிறகு, "அண்ணன் இங்க பக்கத்துலதான் நிக்கிறான்" என்றார்.

"குடுங்கப்பா, பேசறேன்."

"ம். நான் இனிமே இங்கயே இருந்துக்கறேன்னு அவங்கிட்ட நீ சொல்லிரு."